மீதமிருந்த பன்னிரண்டு நாள்

எங்கள் ஊர் வில்லரூக்கில் கிளாரி பெட்டிஃபரைக் கேலி செய்வது கஷ்டம். நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டு தன்னைக் கேலி செய்து முடித்துவிடுவார். எங்கள் 'வில்லரூக் கூரியர்' வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், படம் எடுப்பவர், பிழை திருத்துபவர் எல்லாமே அவர்தான். அந்தப் பிழைகளைச் செய்பவரும் தானே என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வார்.

வருடம் முழுக்க அவர் எழுதுவது ஆட்டுச் சந்தை, கோதுமை அறுவடை, மாதர் சங்கத்துக் கேக் போட்டி, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது. டிசம்பரில் ஒரு வாரம் மட்டும் உலகம் அவர் கைக்கு வரும். 'கடந்து போன ஆண்டு' என்று தலைப்புப் போட்டு, உலகம், ஆஸ்திரேலியா, வில்லரூக் என மூன்றையும் நடுப்பக்கத்தில் சரிசமமாக உட்கார வைப்பார். அந்த வாரம் அவர் நடையே மாறிவிடும். மீன் வறுவல் வாங்கப் போனாலும் ஐக்கிய நாடுகள் சபைக்குப் போவதுபோல் போவார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமையோடு அச்சகத்தைப் பூட்டினால் ஜனவரி இரண்டாம் வாரம்தான் திறப்பது. அச்சுக் கோக்கும் நார்ம், கூடாரத்தை வண்டியில் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுவார். ஆகவே ஆண்டு முடிவதற்கு முன்பே ஆண்டை முடித்து அச்சடித்துவிடுவது எங்கள் பக்கத்துப் பத்திரிகைக்காரர்கள் வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. டிசம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவில் என்ன நடந்துவிடப் போகிறது? நாடே கையில் பீரோடு கடலில் கால் நனைத்துக்கொண்டிருக்கும்.

1974 கிளாரிக்குக் கொழுத்த ஆண்டு. ஜனவரியிலேயே பிரிஸ்பேன் வெள்ளத்தில் மூழ்கியது. ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நாற்காலியை விட்டு இறங்கினார். போர்ச்சுகலில் சிப்பாய்களின் துப்பாக்கியில் பூவைச் செருகினார்கள். சைப்ரஸ் இரண்டாகப் பிளந்தது. நம் பையன்கள் முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போய் ஒரு கோல்கூடப் போடாமல் கௌரவமாகத் திரும்பினார்கள்.

இந்த ஆண்டில் கிளாரி சொன்னது எதுவும் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மே மாதத் தேர்தலில் அரசாங்கம் கவிழும் என்று தலையங்கம் எழுதினார். கவிழவில்லை. செப்டம்பரில் எங்கள் விக்டோரியாக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நார்த் மெல்பர்னுக்குத்தான் என்று அடித்துச் சொன்னார். ரிச்மண்ட் வென்றது. அக்டோபரில் ஆட்டுப் பண்ணைக்காரர் ஹோரஸ் மக்லீஷ் காலமானார் என்று அரைப் பத்தி அஞ்சலி எழுதினார். வியாழக்கிழமை மாலையே மக்லீஷ் பத்திரிகையும் கையுமாக அலுவலகத்துக்கு வந்து, "என் கிடாவுக்கு மூணு தடவை முதல் பரிசு கிடைச்சிருக்கு, நீ ரெண்டுன்னு போட்டிருக்க. அதை முதல்ல மாத்து," என்றார். செத்ததைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை.

இப்படிப்பட்ட மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாமா? டிசம்பர் 19ஆம் தேதி இதழில், எட்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இப்படி எழுதினார்:

'இந்த ஆண்டு தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து களைத்துவிட்டது. மீதமுள்ள பன்னிரண்டு நாளில் உலகத்திலோ, ஆஸ்திரேலியாவிலோ, வில்லரூக்கிலோ எதுவும் நடக்காது என்று இந்த ஆசிரியர் உத்தரவாதம் தருகிறார். நடந்தால் டூலனின் மதுக்கடை வாசலில் நின்று, ஊரார் முன்னிலையில், இந்தப் பத்தியைத் தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார்.'

டூலன் அந்தப் பக்கத்தை வெட்டி பீர்க் குழாய்க்கு மேலே ஒட்டிவைத்தார். பக்கத்தில் ஒரு சாஸ் பாட்டிலையும் வைத்தார். ஊரே சிரித்தது. கிளாரிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

கிளாரிக்கும் மனைவி எனிடுக்கும் ஒரே மகள், லினெட். இருபத்துநான்கு வயது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் டார்வினில் பள்ளி ஆசிரியையாகப் போயிருந்தாள். நாட்டின் தெற்கு ஓரத்தில் நாங்கள், வடக்கு முனையில் அவள். நடுவில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெறும் சிவப்பு மண். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஜனவரியில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி காலையில் அவளிடமிருந்து டிரங்க் கால் வந்தது. ஊர் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் ஐவி. இணைப்பைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். முப்பது வருடத்தில் ஐவி ஒருநாளும் எடுத்ததில்லை.

"அப்பா, ஹேப்பி கிறிஸ்துமஸ். பேப்பர் நேத்துதான் வந்துது. இங்க ரேடியோவுல புயல் புயல்னு கத்திக்கிட்டே இருக்கான்."

"அப்படியா?"

"ஒருத்தரும் கண்டுக்கல. எல்லாரும் பார்ட்டியில இருக்காங்க. மாசம் பொறந்ததும் இப்படித்தான் ஒண்ணு வருதுன்னான், அது வேற பக்கம் போயிடுச்சு. இது என்ன பண்ணும்னு நெனைக்கிற?"

கிளாரிக்கு நாக்கு அரித்தது. "வராதும்மா. வருஷத்தை அச்சடிச்சு முடிச்சாச்சு. ஒரு புயல் வைக்க எடமே இல்ல."

"நிஜமாவா?"

"எழுதியே குடுத்திருக்கேனே! எட்டாம் பக்கம், கடைசிப் பத்தி."

லைனுக்குள்ளேயே ஐவி களுக்கென்று சிரித்தார். லினெட் சிரிக்கவில்லை.

"சரிப்பா," என்றாள்.

டிரங்க் காலுக்குக் கொடுக்கும் மூன்று நிமிடம் முடிந்தது.

மறுநாள் நல்ல வெயில். கோழி வறுவல், பன்றித் தொடை, உருளைக்கிழங்கு என்று நாற்பது டிகிரி வெக்கையில் உட்கார்ந்து, இங்கிலாந்தில் பனியில் சாப்பிட வேண்டியதையெல்லாம் வியர்த்து ஒழுகியபடி சாப்பிட்டார்கள். எனிட் புட்டிங்கை வெட்டிக்கொண்டிருந்தபோது வானொலி பாட்டை நிறுத்தியது. டார்வினைப் புயல் தாக்கியிருக்கிறது. தொடர்பு அறுந்துவிட்டது. சேதம் கடுமையாக இருக்கலாம்.

எனிட் கத்தியை மேஜைமேல் வைத்தாள்.

"நேத்து அவகிட்ட என்ன சொன்ன, கிளாரி?"

அவர் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். எனிட் எழுந்து போய், மகளின் அறையில் புது விரிப்பு எடுத்துக் கட்டிலில் விரிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு இப்போ?"

"கைக்கு வேலை வேணும். உனக்குத்தான் வாய் இருக்கு."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கிளாரிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மாலைக்குள் விவரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வீடுகள் இல்லை என்றார்கள். சில வீடுகள் இல்லை என்றா, வீடுகளே இல்லை என்றா என்று கிளாரி வானொலிப் பெட்டியைப் பிடித்து உலுக்கினார். பத்திரிகைக்காரர் என்று சொல்லிக்கொண்டு மெல்பர்ன் பத்திரிகைகளுக்கெல்லாம் போன் போட்டார். "வில்லரூக் கூரியரா? அது எங்க இருக்கு?" என்றான் ஒருவன். 'கடந்து போன ஆண்டு' எழுதும் ஆள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சரிப்பா" என்று அவள் சொன்ன தொனிதான் காதிலேயே நின்றது. அப்பா சொல்லிவிட்டார், அது போதும் என்று எதுவும் செய்யாமல் படுத்திருப்பாள். சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிட்டால், கதவருகே நின்று "ஒண்ணுமில்லம்மா" என்பார். உடனே தூங்கிவிடுவாள். அதே மகள்தானே? வேடிக்கையாக ஒரு பத்தி எழுதிப் பெற்ற மகளைக் கொன்றவன் என்று தன்னைப் பற்றி ஒரு தலைப்பு மனதில் ஓடியது. அதிலும் எத்தனை எழுத்து, ஒரே வரியில் நிற்குமா என்று எண்ணிப் பார்த்தார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

வியாழன் காலை ஒரு காரியம் செய்தார். இன்றுவரை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் காரியம் அது. சாக்குப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த இதழைத் திரும்ப வாங்க வீடு வீடாகப் போனார். அறுநூற்று நாற்பது பிரதிகள் போயிருந்தன. அத்தனையையும் வாங்கிவிட்டால் அந்தப் பத்தியை எழுதவே இல்லை என்று ஆகிவிடும் என்பதுபோல ஒரு நினைப்பு. மீன் கடைக்காரர் பின்கதவைத் திறந்து, பொட்டலம் கட்ட வைத்திருந்ததைக் கொடுத்தார். மிஸஸ் ஹார்டிகன் கோழிக்கூண்டில் விரித்திருந்த பக்கத்தை உருவி, உதறி, மடித்துக் கொடுத்தாள். மக்லீஷ் தன்னுடையதை இஸ்திரி போட்டதுபோல் வைத்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

டூலன் கடையின் பின்கதவைத் தட்டும்போது கிளாரி தயாராகத்தான் இருந்தார். இருபது வருடமாக அவர் காலை வாருவதே டூலனின் பிழைப்பு. டூலன் உள்ளே போய், பீர்க் குழாய்க்கு மேலிருந்த தாளைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"கார் வேணும்னா என்னோடதை எடுத்துக்க. டேங்க் நெறைய இருக்கு," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதுதான் கிளாரியைப் பயமுறுத்தியது. டூலனே கேலி செய்யவில்லை என்றால் ஊர் முழுக்க லினெட்டைப் போய்ச் சேர்ந்தவளாகவே முடிவு கட்டிவிட்டது என்று அர்த்தம். சாக்கில் நாற்பத்தொரு பிரதிகள் சேர்ந்திருந்தன. மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து சாக்கின் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

வெள்ளியும் போயிற்று. இறந்தவர்கள் எண்ணிக்கை வந்தது, பெயர்கள் வரவில்லை. ஊரையே விமானத்தில் ஏற்றித் தெற்கே கொண்டுவருகிறார்கள் என்றது வானொலி. எனிட் வீட்டிலிருந்த திரைச்சீலையெல்லாம் துவைத்துவிட்டு, துவைத்தவற்றையே மறுபடி துவைத்தாள். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"கிளாரி! எடுத்துட்டியா? மெல்பர்ன் விமான நிலையத்துலேர்ந்து. பேசு, பேசு!" என்று ஐவி கத்தினார்.

"அப்பா? நான்தான். உயிரோட இருக்கேன். கால்ல செருப்பு இல்ல."

கிளாரிக்குப் பேச்சு வரவில்லை. வாழ்நாளில் முதல்முறை.

"அப்பா, இருக்கியா? யாரோ அழறாங்களே, அம்மாவா?"

"அது... அது ஐவி," என்றார் கிளாரி.

"நான் ஒண்ணும் கேக்கல!" என்றார் ஐவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

டூலனின் காரிலேயே போனார்கள். நான்கு மணி நேரப் பாதையை கிளாரி எவ்வளவு நேரத்தில் ஓட்டினார் என்பதை ஊர்ப் போலீஸ்காரர் இன்றுவரை கேட்டதில்லை. அங்கே நின்ற லினெட்டுக்கு இடது கையில் மாவுக்கட்டு, நெற்றியில் ஏழு தையல், யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கால்சட்டை, காலில் செஞ்சிலுவைக்காரர்கள் கொடுத்த ரப்பர் செருப்பு இரண்டும் வேறு வேறு நிறம். எனிட் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூவரும் அங்கே ஒரு தங்கும் விடுதியில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் காலை கிளம்பினார்கள்.

பாதி வழியில், கோதுமை அறுத்த வயல்கள் வந்த பிறகு, கிளாரி வண்டியை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"லின், நான் அன்னிக்கு போன்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் பேச்சை நம்பி நீ பாட்டுக்கு சும்மா இருந்து, ஏதாவது ஆயிருந்தா..."

பின் இருக்கையிலிருந்து ஒரு விநோதமான சத்தம். திரும்பிப் பார்த்தார். லினெட் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தார்.

"உன்னை நம்பியா?" என்றாள். "அப்பா! உன்னையா?"

"பின்னே? சரிப்பான்னு சொன்னியே?"

"பயத்துல சொன்னேன்! அதுவரைக்கும் எனக்கும் ஊர்ல எல்லார் மாதிரியும்தான், வராதுன்னு நெனப்பு. நீ கேரண்டின்னு வாயைத் தொறந்த பாரு, அப்பதான் குலை நடுங்கிப் போச்சு. மே மாசம் நீ அரசாங்கம் போயிடும்னு சொன்ன. நார்த் மெல்பர்னுன்னு சொன்ன. மக்லீஷ் தாத்தா செத்துட்டார்னு சொன்ன! நீ வராதுன்னு சொன்னா அது வந்தே தீரும்ப்பா."

எனிட் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"போனை வச்சதும் நேரா வீட்டுக்குப் போயி, குளியலறையில வாளி நெறைய தண்ணி புடிச்சு, ரொட்டி, டார்ச் எல்லாம் உள்ள வச்சு, மெத்தையை இழுத்துட்டு வந்து போட்டேன். கூட இருக்கற க்வெண்டா கேக்கறா, ஏண்டி பைத்தியம் மாதிரி பண்றன்னு. எங்கப்பா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டாருடீன்னேன். அவளுக்குப் புரியல. ஆனா ராத்திரி என்கூட வந்து குளியல் தொட்டிக்குள்ள படுத்தா. காலையில பாத்தா வீட்டுல மிச்சம் நின்னது அந்தக் குளியலறை ஒண்ணுதான்."

கிளாரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. எனிட் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

லினெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எதிர் வீட்டுல ஒரு புருஷன் பொண்டாட்டி. என் மெத்தையைப் பாத்துச் சிரிச்சாங்க. அவங்களுக்கு இப்படி ஒரு அப்பா இல்ல," என்றாள். முகத்தைத் திருப்பாமலே, "வண்டியை எடுப்பா," என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி நண்பகலில் டூலனின் கடை வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை. கிளாரி கறுப்புக் கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு, சாக்கோடு வந்தார்.

"யோவ், விடுய்யா. பொண்ணு வந்துட்டா, அது போதும்," என்றார் டூலன்.

"பத்திரிகை தர்மம்னு ஒண்ணு இருக்கு. சாஸ் எங்க?"

"அப்ப மீன் கடையிலேர்ந்து வந்ததைச் சாப்பிடு. கொஞ்சம் எண்ணெய் ஊறியிருக்கும், எறங்கும்," என்றார் டூலன். ஐந்து நாளில் அவர் அடித்த முதல் கிண்டல் அது. கிளாரிக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது.

லினெட் நகக் கத்தரியால் கடைசிப் பத்தியைத் தானே வெட்டினாள். சாஸையும் தானே ஊற்றினாள். கிளாரி வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்ல மை கரைந்து உதடு கறுத்தது.

"எப்படி இருக்கு?" என்றார் மக்லீஷ்.

"நீ செத்த செய்தியைவிட ருசியாத்தான் இருக்கு," என்றார் கிளாரி. விழுங்கிவிட்டு, ஊரார் கைதட்டியபோது, தலையைக் குனிந்துகொண்டு மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்துப் போயிருந்தார்கள். அவர் மகள் இங்கே நின்று சாஸ் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். தனக்கு இது எந்தக் கணக்கில் கிடைத்தது என்று அவருக்குப் புரியவே இல்லை.

ஜனவரி 9ஆம் தேதி இதழுக்கு முதலில் ஒரு திருத்தம் எழுதினார். 'சென்ற இதழில் 1974 முடிந்துவிட்டதாகச் செய்தி வெளியிட்டிருந்தோம். அது முடியவில்லை. வருந்துகிறோம்.' அதை லினெட்டிடம் காட்டினார். அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு. அப்பா, ஒரு விஷயம். பள்ளிக்கூடத்தைத் திரும்பத் தெறக்கப் போறாங்களாம். கட்டு பிரிச்சதும் நான் போறேன்."

எனிட் அடுப்புப் பக்கமிருந்து திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

கிளாரி வாயைத் திறந்தார். போகாதே என்று சொல்லத்தான் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அது ஏற்கெனவே டார்வினுக்குப் போய்விட்ட முகம். நன்றாக இரு, ஒன்றும் ஆகாது என்று சொல்லலாமா என்று நினைத்தவுடன் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டார். பென்சிலை எடுத்து, திருத்தத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்.

'1975 பற்றி: இது மிக மோசமான ஆண்டாக இருக்கும். குறிப்பாக டார்வினில். அங்கே வாரம் ஒரு புயல் வீசும், கூரை ஒன்றுகூடத் தங்காது, ஆசிரியைகள் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று இந்த ஆசிரியர் உத்தரவாதம் தருகிறார்.'

லினெட் தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தாள். படித்துவிட்டு அவர் வழுக்கைத் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"பூகம்பத்தையும் சேத்துக்கோப்பா," என்றாள்.

கிளாரி சேர்த்தார். எனிட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து படித்தாள். "அந்த ஊர் முதலையை விட்டுட்டியே," என்றாள். அதையும் சேர்த்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நடுப்பக்கத்தின் கடைசிப் பத்தி டார்வினுக்குத்தான். உலகத்தில் எது நடந்தாலும், எது நடக்காவிட்டாலும், டார்வின் அடுத்த ஆண்டு அழியப்போவதாக கிளாரி உத்தரவாதம் கொடுப்பார். வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்கள் இந்த மனிதருக்கு அந்த ஊர்மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்பார்கள். லினெட் வருடா வருடம் அதை வெட்டி, தன் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கிறாள்.